முகமும் முதுகும்: சீனத்துத் தொல் வெண்கல ஆடிகளும் பொற்பணிகளும்

உலோகப் பணிகளுள் எது தலைசிறந்தது என்னும் வினா எழுமிடத்து உலகோர் பெரும்பாலும் பொன்னின் பக்கமே சாய்வர். பொன்னின் விலையே அதன்மேற் செய்யப்பட்ட வேலையின் விலையாகவும் அவர்க்குத் தோன்றிவிடுகின்றது. சீனநாட்டுத் தொல்பொருள்களை விளக்கும் நூல்களும் இம்மயக்கத்தினின்று முற்றும் நீங்கியவையல்ல. பொற்கலம் ஒன்று வரின் அதற்கு ஒரு முழுப்பக்கமும் வண்ணப்படமும் கிடைக்கும். வெண்கல ஆடிகளோ பக்கத்திற்கு ஆறாகவும் எட்டாகவும் அடுக்கப்பட்டு நூலின் கடைப்பகுதியில் ஒதுங்கும்.

சில ஆண்டுகளின் முன்னர் மேல்வகுப்பு மாணவர்க்குச் சீன வரலாறு கற்பிக்கையில், ஹான் காலத்து ஆடியொன்றின் படத்தை விரித்துக் காட்டினேன். வட்டத்துட் சதுரமும், சதுரத்தைச் சூழ்ந்து ஓடும் விலங்குகளும், விளிம்பில் நிரைத்த எழுத்துக்களும் கண்டு வியந்த மாணவருள் ஒருவன், "சேர், இதிலே முகம் பார்ப்பது எங்கே?" என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. அந்நூலை அன்றிரவு முதலிலிருந்து ஈறுவரை புரட்டினேன். அதிலிருந்த ஆடிப்படங்களுள் ஒன்றேனும் ஆடியின் முகத்தைக் காட்டவில்லை, யாவும் முதுகே.

இதற்குக் காரணமில்லாமலில்லை. மண்ணுட் கிடந்த ஆடியின் முகம் களிம்பேறி மங்கிப்போகும். கோலங்கள் உள்ள முதுகோ களிம்பேறினும் கண்ணுக்கு விருந்தாகவே நிற்கும். எனினும், முதுகு ஒன்றையே கண்டு பழகியதனால் ஆடியை ஒருவகை வட்டத்தகடாக, செதுக்குவேலைக்கு வாய்த்த ஒரு பலகையாக, மதிப்பிடும் வழக்கம் திறனாய்வாளரிடை வேரூன்றிவிட்டது. ஆடி என்பது பார்ப்பதற்கு ஆக்கப்பட்ட கருவி. அதன் முகமும் முதுகும் ஒன்றற்கொன்று கடமைப்பட்டு நின்ற காலத்திலேயே அக்கலை உச்சியிலிருந்தது என்பதும், பொன் அதன் முதுகில் ஏறிய காலத்தில் அவ்வுறவு தளர்ந்தது என்பதும் எனது கருத்து. மறுப்போர் உளர், அவர் காட்டக்கூடிய சான்றினையும் உரியவிடத்து நோக்குவாம்.

முதற்கண் பொன்னைப்பற்றிச் சில கூறல் வேண்டும். பண்டைச் சீனர் பொன்னை அறியாதவரல்லர். சிச்சுவான் மாகாணத்துச் சான்சிங்துயியில் 1986ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட, பொற்றகடு போர்த்த கோலும், 2001ஆம் ஆண்டு செங்டு நகரின் ஜின்ஷாவிற் கிடைத்த ஞாயிற்றுப்பறவைத் தகடும் உலகறிந்தவை. பின்னது 12.5 சென்ரிமீற்றர் விட்டமும் 20 கிராம் நிறையும் உடையது. பன்னிரு கதிர்களோடு சுழலும் ஞாயிற்றை நான்கு பறவைகள் வலம்வரும் உருவம் அதில் வெட்டியெடுக்கப்பட்டிருக்கின்றது. ஆயின் இவை மேற்றிசைப் பண்பாடொன்றின் ஆக்கங்கள். ஆன்யாங்கிலிருந்து அரசாண்ட ஷாங் மரபினரிடைப் பொன்னுக்கு அத்தகைய முதன்மை இருந்ததில்லை. 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஃபூ ஹாவோ அரசியின் கல்லறையில் 468 வெண்கலப் பொருள்களும், ஜேட் எனப்படும் பச்சைக்கல்லாலான 755 பொருள்களும் இருந்தன. அவ்வெண்கலங்களுள் நான்கு, ஆடிகள். கி.மு. 1200 அளவிலேயே அரசியொருத்தி தன்னுடன் எடுத்துச்செல்ல வேண்டியவற்றுள் ஆடி ஒன்றாகிவிட்டது என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்க.

பொன்னை வார்ப்பது எப்படியென்று சீனர்க்குக் கற்பித்ததும் வெண்கலமே. ஹூபெய் மாகாணத்தில் 1978ஆம் ஆண்டு அகழப்பட்ட, ஸெங் நாட்டுக் கோமகன் யீயின் கல்லறை இதற்குச் சான்று. கி.மு. 433 அளவில் இறந்த இக்கோமகனுடன் அறுபத்தைந்து வெண்கல மணிகள் கொண்ட இசைத்தொகுதியோடு, மூடியுள்ள பொற்கிண்ணம் ஒன்றும் புதைக்கப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ 2,150 கிராம். பொன்னைத் தட்டி மெலிதாக்கி உருவெழுப்புதலே பல நாடுகளிலும் தட்டாரின் வழக்கம். இக்கிண்ணமோ வெண்கலம் போல வார்க்கப்பட்டது. தடித்த சுவரும் குறுகிய கால்களும் மூடியின் மேற் சுருண்ட கோலமும் வெண்கலக் கன்னானின் கற்பனையேயன்றிப் பொற்கொல்லனின் கற்பனையல்ல. கண்டவர் வியப்பர், அவ்வியப்பிற் பெரும்பகுதி தராசுக்குரியது.

அக்கிண்ணத்தினுட் கிடந்த சிறு பொன்னகப்பை அவ்வாறன்று. சாற்றிலிருந்து திண்பொருளை அரித்தெடுத்தற்கெனத் துளையிடப்பட்டது அது. அத்துளைகளே சுருண்டோடும் நாகக்கோலமாகவும் அமைந்துள்ளன. தொழிலுக்கு வேண்டிய துளையும் கண்ணுக்கு வேண்டிய அணியும் ஈண்டு இரண்டல்ல. என்னைக் கேட்பின், கிண்ணத்தைக் கொடுத்து அகப்பையை வாங்குவேன்.

மான்செங்கில் 1968ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட ஹான் இளவரசன் லியூ ஷெங்கின் பச்சைக்கல் உடையிலும் இதனையொத்த அடக்கம் காணப்படும். 2,498 கல்வில்லைகளை மூலைதோறுந் துளைத்து, ஏறத்தாழ 1,100 கிராம் பொற்கம்பியாற் கோத்திருக்கின்றனர். உடலைக் காக்கும் எனக் கருதப்பட்டது கல். பொன் அதற்கு நூலாக நின்றது. கடுகினுஞ் சிறிய பொன்மணிகளைத் தகட்டிற் பற்றவைக்கும் நுண்வேலை மேற்கிலிருந்து வந்து ஹான் காலத்திற் பரவியது. குதிரைமேல் வாழ்ந்த வடதிசை மக்களின் விலங்குருவப் பொற்றகடுகளும் சீனர் சுவையை மாற்றின. அவற்றின் வரலாறு பெரிது. ஈண்டு விரிப்பிற் பெருகும்.

ஆடிக்கு வருவாம். ஆடியின் உலோகம் சாதாரண வெண்கலம் அன்று. செம்பிற் கலக்கும் வெள்ளீயத்தின் அளவு ஏற ஏற உலோகம் வெளிறும், கடினப்படும், கண்ணாடிபோல் உடையும் இயல்பும் பெறும். சோவ் வழக்குநூலின் கைத்தொழிற் பகுதியில் ஆறு கலவைகள் கூறப்பட்டு, அவற்றுள் ஈற்றுக் கலவை ஆடிக்கு உரியதாக வைக்கப்பட்டுள்ளது. அதன் அளவைக் குறிக்கும் சொற்றொடரைச் சரிபாதி என்பாரும், செம்பிற்குப் பாதி வெள்ளீயம் என்பாரும் என உரையாசிரியர் இருதிறப்படுவர். உரையாசிரியர் பிணக்கை வேதியியலார் தீர்த்துவைத்தனர்: ஹான், தாங் காலத்துச் சிறந்த ஆடிகளிற் செம்பு நூற்றுக்கு எழுபது அளவும், வெள்ளீயம் இருபத்துநான்கு அளவும், மிகுதி ஈயமுமாக இருத்தலே பெருவழக்கு. இக்கலவை வாளுக்கு ஆகாது, கலத்துக்கும் ஆகாது. கீழே விழின் துண்டாகும். வலிமையை முற்றக் கைவிட்டு ஒளியை வாங்கிய கலவை இது.

அங்ஙனம் வாங்கிய ஒளியும் வார்த்தவுடன் கிடைப்பதன்று. கி.மு. 139ஆம் ஆண்டு பேரரசனுக்குக் கையளிக்கப்பட்ட ஹுவாய்நான்சி என்னும் நூல், அச்சினின்று எடுத்த புத்தாடியில் உருவம் தெரியாது என்றும், கரிய ஈயப்பொடியிட்டு வெள்ளைக் கம்பளத்தால் தேய்த்த பின்னரே புருவமும் மயிரும் அதிற் புலப்படும் என்றும் கூறுகின்றது. எனவே ஓர் ஆடியில் இருவர் உழைப்பு உண்டு. அச்சிற் கோலம் அமைத்த கன்னானின் வேலை முதுகில் நிலைத்துநின்றது. தேய்த்தவனின் வேலையோ மண்ணிற் கரைந்தது. படநூல்கள் காட்டாது விட்டது அவ்விரண்டாமவனையே.

ஹான் ஆடிகளுள் ஆங்கில நெடுங்கணக்கின் ரீ, எல், வீ என்னும் எழுத்துக்களையொத்த குறிகள் பொறிக்கப்பட்டவை பெரும்புகழ் பெற்றவை; கிறித்து பிறந்த காலத்தையொட்டிய ஆண்டுகளில் அவை மிக்கு வழங்கின. நடுவிற் குமிழ், குமிழைச் சூழ்ந்து சதுரம், சதுரத்துட் பன்னிரு திசைக்குறிகள். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தினின்றும் ஒரு ரீ வெளிநோக்கி எழும். அதற்கு எதிரே வட்டத்தின் விளிம்பினின்று ஓர் எல் இறங்கும். சதுரத்தின் மூலைகளுக்கெதிரே வீ நிற்கும். இடைவெளிகளிற் கீழ்த்திசைக்குப் பசியநாகம், மேற்றிசைக்கு வெண்புலி, தென்றிசைக்குச் செம்புள், வடதிசைக்கு ஆமையும் பாம்பும் பின்னிய கரியவுரு ஆகியன ஓடும். சதுரம் நிலம், வட்டம் வானம். லியூபோ என்னும் பழைய சூதாட்டப் பலகையிலும் இதே குறிகள் உள்ளமையின், ஆடி பலகையினின்று பிறந்ததா, இரண்டும் வேறொரு மூலத்தினின்று பிறந்தனவா என அறிஞர் நெடிது வழக்காடினர். மைக்கேல் லோவி 1979ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இவ்வாடி தன்னையுடையானைப் பேரண்டத்தின் ஒழுங்கிற் பொருத்தி நிறுத்துவது என விளக்கினார்.

அவ்விளக்கம் எனக்கு உடன்பாடே. ஆயினும் அறிஞர் பலரும் இக்கோலத்தை மேசைமேல் விரித்த தேசப்படம்போல வாசிப்பதால் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நடுக்குமிழ் துளையுடையது, அத்துளையூடு கயிறு செல்லும், அக்கயிற்றையும் குமிழையும் விரல்கள் பற்றும். முகம் பார்ப்போன் அப்போது முதுகைக் காண்பதில்லை. வானமும் நிலமும் நாற்றிசைக் காவலரும் அவனுக்கு அப்பால் வெளிநோக்கி நிற்க, அவற்றின் நடுவை அவன் விரல்கள் மறைத்துக்கொண்டிருக்கின்றன. அவன் காண்பது தன் முகம் ஒன்றையே. எதிரே நிற்பவர்க்கோ அவன் முகம் இருந்த இடத்தில் உலகத்தின் ஒழுங்கு தெரிகின்றது. இந்நிலையிலன்றி, கண்ணாடிப்பெட்டியுள் முதுகு மேலாகக் கிடக்கும் நிலையில் இக்கோலத்தை விளங்கிக்கொள்ளல் அரிது. எம் வீடுகளிலுள்ள கண்ணாடியின் முதுகு இரசம் பூசிய முதுகு. அதனைச் சுவருக்குக் கொடுத்துவிடுகின்றோம். அப்பழக்கத்தோடு சீனத்து ஆடியை அணுகுதல் பொருந்தாது.

கோ ஹொங் என்னும் தாவோ நெறியாளர் நான்காம் நூற்றாண்டில் எழுதியது இவ்விடத்து நினைக்கத்தக்கது. மலையிற் புகும் துறவிகள் ஒன்பது அங்குலத்தினுங் குறையாத ஆடியை முதுகிற் கட்டிச்செல்வர் என்றும், மனித வடிவு பூண்டு பின்தொடரும் முதுபேய்கள் ஆடியில் தம் மெய்யுருத் தெரியுமென அஞ்சி அணுகா என்றும் அவர் கூறுவர். அங்கே கோலம் துறவியின் முதுகோடு ஒட்டிக்கிடக்கும். முகம் காட்டை நோக்கி விழித்திருக்கும். பேய்க்கதையென்று தள்ளினும் ஆடியின் எப்பக்கத்தில் ஆற்றல் உண்டெனப் பண்டையோர் நம்பினர் என்பதற்கு அது கரியாகும்.

ஆடிகளின் எழுத்துக்களைச் சுவீடன் நாட்டறிஞர் பேர்ன்ஹாட் கார்ல்கிரென் 1934ஆம் ஆண்டிற் தொகுத்து ஆராய்ந்தார். அவ்வெழுத்துக்களிற் பெரும்பாலானவை பட்டறைக்காரரின் தற்புகழ்ச்சியே: அரண்மனைப் பட்டறையில் ஆனது, தேர்ந்த செம்பினால் ஆனது, இதனையுடையார்க்குப் பதவியும் மக்கட்பேறும் முதுமையறியா வாழ்வும் உண்டாகும் என இவ்வாறு செல்லும். அரண்மனைப் பட்டறையின் பெயரை வெளிப்பட்டறையினரும் கூசாது பொறித்துக்கொண்டனர் என்பர். வட்டத்தில் இடம் போதாதவிடத்து வாக்கியம் நடுவழியில் நின்றுவிடுவதும், எழுத்துக்கள் விடுபடுவதும் உண்டு. பரீட்சைத்தாளின் கடைசி வரியில் மாணவர் படும் பாட்டை அது எனக்கு நினைவூட்டும். இவற்றினும் எனக்கு உவப்பானவை முற்பட்ட சிற்றாடிகள். ஞாயிற்றின் ஒளியோடு தம் ஒளியை ஒப்பிட்டு, நெடுநாள் மறவாதிருக்க வேண்டும் என்னும் ஒரு வேண்டுதலோடு அவை அமைந்துவிடும். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என எழுத்திற் கூறப்படவில்லை. முகமே அதற்கு விடை.

முகமும் முதுகும் உண்மையாகவே ஒன்றோடொன்று பேசிய ஆடிகளும் இருந்தன. அவற்றைச் சீனர் ஒளி ஊடுருவும் ஆடி என்றனர். ஷங்காய் நூதனசாலையிலுள்ள முன்னை ஹான் காலத்து ஆடியொன்று இவ்வகையது. அதன் முகம் வழுவழுப்பானது. கண்ணுக்கு ஒரு கீறலுந் தெரியாது. ஆயின் வெயிலை அதில் ஏற்றுச் சுவரில் வீழ்த்தின், முதுகிலுள்ள கோலமும் எழுத்தும் அவ்வொளிவட்டத்துள் விளங்கித் தோன்றும். ஒளி உலோகத்தை ஊடுருவி வந்ததோ என மயங்கச் செய்யும். பதினோராம் நூற்றாண்டினரான ஷென் குவா, தம் வீட்டில் இத்தகைய மூன்று ஆடிகள் இருந்தமையை எழுதிவைத்துள்ளார். வார்க்கும்போது மெல்லிய இடம் முந்திக் குளிர்தலும் தடித்த இடம் பிந்திக் குளிர்ந்து சுருங்குதலும் காரணம் என்பார் கூற்றை ஏற்றுக்கொண்டபோதும், அதேபோன்ற மெல்லிய பிற ஆடிகள் ஒளி விடாமையைக் கண்டு, பழையோர் வேறோர் உத்தியும் அறிந்திருத்தல் வேண்டும் என அவர் கருதினார். ஒரு விளக்கத்தை ஏற்ற உடனேயே அது போதாமையையும் சொல்லிவிடும் இப்பண்பு பாராட்டற்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பௌதிகர் ஐயர்டனும் பெரியும், ஜப்பானிய ஆடிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். முகத்தைத் தேய்க்குங்கால் மெல்லிய பகுதிகள் அழுத்தத்துக்கு வளைந்துகொடுத்துப் பின்னர் மீண்டெழும். தடித்த பகுதிகள் வளைவதில்லை. இதனால், கண்ணாற் காணவியலாத மேடுபள்ளங்கள் முதுகின் கோலத்துக்கியைய முகத்திற் பதிந்துவிடுகின்றன. மெல்லிய இடங்கள் ஒளியைச் சற்று விரித்து வீசத் தடித்த இடங்கள் அங்ஙனம் விரியாது வீசுவதே சுவரில் உருவமாகின்றது. எனவே கன்னான் முதுகிற் செய்ததை, தேய்ப்பவன் தன்னை அறியாமலே முகத்துக்குக் கொண்டுவந்தான். கலைத்திறனாய்வாளர் இதனை ஒரு வேடிக்கையெனக் குறித்து அப்பாற் செல்வர். வார்ப்பாடியின் முதுகும் முகமும் ஒரே வார்ப்பினின்று பிறந்தமையால் ஒன்றில் நேர்வது மற்றொன்றைத் தாக்காமலிராது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேறு வேண்டுமோ?

பொன்னும் ஆடியும் ஒரே இடத்திற் கிடைத்த கல்லறையொன்று இவ்வழக்கிற்கு மிகவும் பயன்படும். நான்சாங் நகருக்கு அணித்தே 2011ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட அது, ஹைஹுன் கோமகன் லியூ ஹேயின் கல்லறை. இவன் கி.மு. 74ஆம் ஆண்டிற் பேரரசனாக அமர்த்தப்பட்டு, இருபத்தேழு நாளில் 1,127 குற்றங்கள் சாட்டப்பட்டு நீக்கப்பட்டான், கி.மு. 59இல் இறந்தான். கல்லறையிற் கிடைத்த பொற்பொருள்கள் 478; அவற்றின் நிறை நூறு கிலோகிராமினும் மிக்கது. அவற்றுள் 385 வட்டப் பொற்கட்டிகள். குதிரைக் குளம்பு வடிவினவும் தெய்வ விலங்கின் அடி வடிவினவும் ஆகியவற்றின் விளிம்பில் நுண்ணிய பொற்கம்பி வேலை உண்டு. செய்தித்தாள்கள் இப்பொன்னைப்பற்றியே ஆரவாரித்தன.

அதே கல்லறையில் ஏறத்தாழ எழுபது சென்ரிமீற்றர் உயரமான நீண்ட சதுர வெண்கல ஆடியொன்றும் சிதைந்து கிடந்தது. அதனைத் தாங்கிய அரக்குப்பூசிய சட்டத்தின் பின்புறத்தில் கன்பூசியரும் அவர் மாணாக்கரும் தீட்டப்பட்டு, அவர்தம் வரலாறும் எழுதப்பட்டுள்ளது. கன்பூசியரின் உருவங்களுள் இதுகாறும் அறியப்பட்டவற்றில் இதுவே மிகப் பழையதென்பர். ஒழுக்கக்கேடன் என அரியணையினின்று இறக்கப்பட்ட ஒருவன் நாடோறும் ஆடை திருத்திய ஆடி அது. முன்னே அவன் முகம். பின்னே ஆசிரியரின் முகம். பொற்கட்டிகள் அவனது செல்வத்தின் அளவைக் கூறும். அவனைப்பற்றி அவை வேறொன்றும் கூறா. ஆடியோ, வரலாற்றாசிரியர் எழுதிவைத்த லியூ ஹேயை மீண்டும் ஒருமுறை விசாரிக்கும்படி எம்மை நிர்ப்பந்திக்கின்றது.

பொன்னை நிறுத்தே எண்ணுதல் அரசவைகளின் இயல்பு. மூன்றாம் நூற்றாண்டில் வெய் பேரரசன் ஜப்பானிய அரசி ஹிமிக்கோவுக்கு அனுப்பிய பரிசுப்பட்டியலிற் பொன் எட்டு லியாங் என நிறையாற் குறிக்கப்பட, வெண்கல ஆடி நூறு என எண்ணாற் குறிக்கப்படும். எம் நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. காலியில் 1911ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது; மிங் பேரரசனின் காணிக்கைகளைச் சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் கூறுவது. அதன் தமிழ்ப்பகுதியில் தேனவரை நாயனாருக்கு அளித்த பொன் ஆயிரங் கழஞ்சென்றும் வெள்ளி ஐயாயிரங் கழஞ்சென்றும் காணப்படும். காலத்தாற் பிந்தியதாயினும், பொன் பட்டியலிற் புகும்போது செய்தவன் கை மறைந்து நிறை மட்டும் எஞ்சுதலை அதிலுங் காண்கின்றோம்.

இனி மறுப்போர் கூற்று. தோக்கியோவின் எய்செய் பூங்கோ தொகுதியில், லுவோயாங் அருகே ஜின்சுன்னிற் கிடைத்ததாகக் கூறப்படும் ஆடியொன்றுண்டு. ஹான் காலத்துக்கு முற்பட்ட போர்நாடுகள் காலத்தது. அதன் முதுகிற் பொன்னும் வெள்ளியும் பதித்துக் குதிரைவீரன் ஒருவன் வாளேந்திப் புலியை எதிர்க்கும் காட்சி அமைந்துள்ளது. பொன் ஏறியதால் ஆடி தளர்ந்தது என்பார் இதனை யாது செய்வர்? நேர்மையான வினா இது. அவ்வாடி பேரழகுடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயின் அங்கே பொன் கோடாக நிற்கின்றது. வெண்கலத்திற் பள்ளம் வெட்டி, அப்பள்ளத்துட் பொன்னை இறக்கி, மேற்பரப்போடு சமனாக்கியிருக்கின்றனர். கரிய வெண்கலம் இருளாகவும் பொன் அவ்விருளிற் பாயும் கோடாகவும் ஒன்றையொன்று தாங்குகின்றன. மான்செங் உடையிற் பொன் நூலானதுபோல ஈண்டுக் கோடாயிற்று. என் குற்றச்சாட்டு பொன்மேலன்று. பொன் தன்னையே காட்டத் தொடங்கிய பிற்கால முறைமேலது.

அம்முறை தாங் காலத்தில் வந்தது. பொற்றகட்டையும் வெள்ளித்தகட்டையும் பூவாகவும் பறவையாகவும் வெட்டி, ஆடியின் முதுகில் அரக்கால் ஒட்டி, மேலும் அரக்குப் பூசி, தகடு வெளித்தோன்றும்வரை தேய்த்தெடுப்பர். ஜப்பானின் நாரா நகரத்து ஷோசோயின் களஞ்சியத்தில் இத்தகைய ஆடிகளும், முத்துச்சிப்பி பதித்த ஆடிகளும் பழுதுறாது உள. அவற்றின் வேலைத்திறத்தைக் குறைகூற எவராலும் இயலாது. ஆயின் அம்முதுகு ஆடியோடு பிறந்ததன்று. பிற்பாடு போர்த்த தோல். பெட்டிமூடியின் மேலோ யாழின் மேலோ அதே கோலத்தை அதே முறையில் ஒட்டலாம், ஒட்டியும் உள்ளனர். முகத்துக்கும் அக்கோலத்துக்கும் உறவில்லை. அரக்கு உரிந்தால் எஞ்சுவது வெறுந்தகடு.

சிங்கமும் திராட்சைக்கொடியும் பின்னிய புகழ்பெற்ற ஆடிகள் இதற்குச் சற்று முற்பட்டவை, வார்ப்பினாலானவை. குமிழே விலங்காக மாறிப் படுத்திருக்க, கொடி உள்வட்டத்தின் எல்லையைத் தாண்டி விளிம்புவரை ஏறும். பலர் இவற்றையே ஆடிக்கலையின் உச்சி என்பர். வார்ப்பின் ஆழத்துக்கு அப்புகழ் தகும். எனக்கோ அவை சற்று இரைச்சலானவை. கைவிரல் பற்றுதற்கு இடம் தேடவேண்டியிருக்கும்.

729ஆம் ஆண்டில் சுவான்சோங் பேரரசன் தன் பிறந்தநாளைப் பெருவிழாவாக்கி, அந்நாளில் அமைச்சர்க்கு ஆடிகள் வழங்கினான். அவன் முன்னோனான தாய்சோங் 643ஆம் ஆண்டு தன் அறிவுரையாளன் வெய் செங் இறந்தபோது, வெண்கல ஆடி உடையைத் திருத்தவும், பழமை ஆட்சியைக் காட்டவும், மனிதர் தன் குற்றத்தைக் காட்டவும் பயன்படுவன எனக் கூறித் தன் ஆடிகளுள் ஒன்றை இழந்ததாக வருந்தினான் என்பது வரலாறு. தாய்சோங் மனிதனை ஆடியாகக் கொண்டான். சுவான்சோங் ஆடியை மனிதர்க்குப் பரிசாக்கினான். பொற்றகடு ஒட்டிய பண்டங்களை அவன் தன் அன்பிற்குரிய படைத்தலைவன் அன் லூஷானுக்கும் வாரி வழங்கினான். 755ஆம் ஆண்டு அதே அன் லூஷான் கிளர்ந்தெழுந்து தலைநகரைக் கைப்பற்றினான். அடுத்து அரியணையேறிய சூசோங், அவ்வொட்டுவேலையையும் முத்து, மணி வேலைகளையும் தடைசெய்து ஆணையிட்டான்.

அவ்வாணையின் காலத்தையொட்டியே, 758ஆம் ஆண்டுப் பெயரைத் தாங்கிய ஆடியொன்று யாங்சோவில் வார்க்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் இந்தோனீசியாவின் பெலித்துங் தீவருகே கடலுட் கண்டுபிடிக்கப்பட்ட மரக்கலத்திலிருந்து அது கிடைத்தது. அக்கலம் அராபிய முறையிற் கட்டப்பட்டது; அதிலிருந்த மட்கிண்ணமொன்று 826ஆம் ஆண்டைக் காட்டுகின்றது. ஏறத்தாழ அறுபதினாயிரம் மட்பாண்டங்களோடு 29 வெண்கல ஆடிகளும், எண்பட்டைப் பொற்குவளையொன்றும் அதில் இருந்தன. இவை சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ளன. குவளையின் எட்டுப் பட்டைகளிலும் இசைவாணரும் ஆடுவோனும் புடைத்து நிற்பர். கைப்பிடிமேல் தாடியுடைய இரு தலைகள் முதுகோடு முதுகாக அமர்ந்திருக்கும். தாங் பொற்குவளைகளுள் இதனினும் பெரியது கிடைத்திலது. நூல்களின் மேலட்டையில் ஏறியதும் அதுவே.

ஆடியோ பெரிதும் அடக்கமானது. நடுக்குமிழைச் சூழ்ந்து நாற்றிசை விலங்குகள், அவற்றைச் சூழ்ந்து எண்குறிகள், விளிம்பில் எழுத்து. யாங்சி ஆற்றின் நடுவிலே நூறுமுறை புடமிட்ட உலோகத்தால் ஆக்கப்பட்டது என அவ்வெழுத்துக் கூறும். ஆற்றின் நடுவில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் வார்க்கும் ஆடியே பேரரசனுக்குரியது எனத் தாங் காலத்து நூலொன்று கூறி, அவ்வுலோகம் எளிதில் உடையுமாதலால் முற்றுப்பெறுவது அரிது எனவும் சேர்க்கும். இவ்வாடியிற் பொறித்த நாளோ பதினோராம் மாதம் இருபத்தொன்பதாம் நாள். பட்டறைக்காரன் சற்றே மிகைபடக் கூறியிருத்தல் கூடும். ஹான் காலத்து முன்னோரின் வழக்கம் அவனை விட்டுப் போகவில்லை. ஆயின் பொற்றகடு அதில் இல்லை. அரக்கும் இல்லை. எழுநூறு ஆண்டுகளின் முன்னர் ரீ, எல், வீ ஆடிகளில் ஓடிய அதே நாகமும் புலியும் புள்ளும் ஆமையும், வெள்ளீயம் மிகுந்த அதே கலவையிற் குமிழைச் சுற்றி ஓடுகின்றன. மரக்கலம் மூழ்கும்போது அவ்வாடிக்கு வயது ஏறத்தாழ எழுபது. அக்காலமெல்லாம் அதனைத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்த்தவர் பலராதல் வேண்டும்.